டர்பைன் ஜெட்டின் முதல் பறப்பு: லெனேசியாத் தம்பிக்கு ஒரு பதில்

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆறு வருடமாக ரேடியோவில் ஓட்டுகிற மின்சார மாடல் விமானங்கள் ஓட்டுகிறாராம், டக்டட் ஃபேன் (குழாய்க்குள் சுற்றுகிற மின்விசிறி) ஜெட்டும் கைக்குப் பழகிவிட்டதாம். இப்போது பத்துக் கிலோ உந்துவிசை டர்பைன் போட்ட இரண்டு மீட்டர் ஜெட் ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறார், எரிபொருள் நிரப்பினால் பன்னிரண்டு கிலோ நிற்கிறது, அடுத்த மாதம் முதல் பறப்பு. "டர்பைன் ஸ்டார்ட் ஆகுது, சர்வோ (சிறகு, வால் தகடுகளை அசைக்கிற சின்ன மோட்டார்) எல்லாம் வேலை செய்யுது, இன்னும் என்னண்ணா பார்க்கணும்?" என்பதுதான் கேள்வி.

தம்பி, டர்பைனைப் பற்றி நீங்கள் அவ்வளவு கவலைப்பட வேண்டாம். நிமிடத்துக்கு 1,50,000 சுற்று சுற்றுகிறது, வால் குழாயில் அறுநூறு எழுநூறு டிகிரி சூடு, பார்க்கிறவர்களுக்கு அதுதான் பயம். ஆனால் அதற்கென்று இசியு என்று ஒரு சின்னக் கட்டுப்பாட்டுக் கணினி இருக்கிறது, சூடு ஏறினாலும் சுற்று குறைந்தாலும் அதுவே பார்த்து அணைத்துவிடும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் டர்பன் பக்கம் மாடல்கள் ஓட்டியிருக்கிறேன், அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் டர்பைன். முதல் பறப்பில் விழுந்த ஜெட்டுகளை என் கண்ணால் பார்த்தவரை, டர்பைன் கெட்டு விழுந்தது ஒன்றுகூட இல்லை. மடங்கிய குழாய், தளர்ந்த ஸ்க்ரூ, தலைகீழாக வைத்த கைரோ (விமானம் ஆடினால் தானாகத் திருத்துகிற கருவி), பின்னால் போன சி.ஜி. (எடை மையம்), இவைதான். இன்னொன்று அவசரம். எல்லாரும் வந்து நிற்கிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள், இன்று பறக்கவிடாமல் எப்படித் திரும்புவது என்ற அவசரம்.

குழாயிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என்னுடைய இரண்டாவது ஜெட் போனது அதில்தான். டர்பன் பக்கத்து வெருலத்தைத் தாண்டி, நாலு பக்கமும் கரும்பு நிற்கிற ஓர் இடத்தில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தோம். வீட்டில் மூன்று முறை என்ஜினை ஓட்டிப் பார்த்திருந்தேன், ஒரு குறையும் இல்லை. அன்று காலை ஸ்டார்ட் அழகாக வந்தது, டேக்ஆஃப் அழகாக வந்தது, இரண்டாவது சுற்றில் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது சத்தம் நின்றுவிட்டது. உயரம் போதவில்லை, ரன்வேக்குத் திரும்ப முடியவில்லை, கரும்புக்குள் இறக்கினேன். இரண்டு மணி நேரம் தேடினோம். கரும்புத் தோகை கையையும் கழுத்தையும் கீறிவிட்டது. என் தாத்தாவும் பாட்டியும் இந்தத் தோகைக்குள் நின்று வெட்டிய ஆட்கள், அவர்கள் நினைவு வராமல் அன்று ஒரு வரிசைகூட என்னால் தாண்ட முடியவில்லை. கடைசியில் விமானம் கிடைத்தது, மூக்கு நொறுங்கி, ஒரு சிறகு தனியாக. மேல் மூடியைத் திறந்து பார்த்தபோது டேங்கின் இரண்டு பக்கமும் உள்ளே சப்பிப்போய், குடித்து முடித்த ஜூஸ் டப்பா மாதிரி இருந்தது. டேங்குக்குக் காற்று விடுகிற வென்ட் குழாய், மூடியின் விளிம்பு அழுத்துகிற இடத்தில் மடங்கி, மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. வீட்டில் மூன்று முறையும் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் என்ஜினை ஓட்டியிருந்தேன். மூடி போட்டு ஒருமுறைகூட ஓட்டவில்லை.

அதனால் முதல் வேலை இது: விமானத்தை முழுசாக மாட்டி, மூடி, கேனபி எல்லாம் போட்டு, பறக்கப் போகிற அதே நிலையில் ஒரு டேங்க் எரிபொருள் முழுவதையும் தரையில் எரித்துப் பாருங்கள். பாதி டேங்க் போதாது. வாலைக் கயிற்றால் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஐடிலில் (மிகக் குறைந்த சுற்றில்) ஒரு நிமிடம், பாதியில் ஒரு நிமிடம், முழு த்ராட்டிலில் அரை நிமிடம், மறுபடி கீழே, இப்படி மாற்றி மாற்றி. எரிபொருள் குழாயில் ஒரு குமிழிகூட வரக்கூடாது. ஏர் டிராப்புக்கும் (குமிழியைப் பிடித்து வைக்கிற சின்னத் துணை டேங்க்) பம்புக்கும் நடுவில் வருகிற குழாய் வெளியே தெரிகிற மாதிரி எங்காவது ஒரு சின்ன ஜன்னல் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த இடத்தில் மட்டும் மூடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு ஒட்டுங்கள். சரி, முழு டேங்க் எதற்கு என்று கேட்டால், இரண்டு காரணம். வென்ட் பிரச்சினை முதல் நிமிடத்தில் தெரியாது, டேங்க் சப்புவதற்கு நேரம் எடுக்கும். இன்னொன்று, உங்கள் என்ஜின் எத்தனை நிமிடத்துக்கு எவ்வளவு குடிக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இந்த அளவு டர்பைன் முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு முந்நூறு மில்லிக்கு மேல் குடிக்கும். அந்தக் கணக்கை வைத்து டிரான்ஸ்மிட்டரில் டைமர் வையுங்கள், முதல் பறப்புக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். டைமர் அடிக்கும்போது மூன்றில் ஒரு பங்காவது டேங்கில் மிச்சம் இருக்க வேண்டும்.

எரிபொருள் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பாரஃபினோ (மண்ணெண்ணெய்) ஜெட் ஏ1-ஓ (விமான எரிபொருள்), எதுவானாலும் டர்பைன் ஆயில் கலக்கிற விகிதம் உங்கள் என்ஜின் கையேட்டில் போட்டிருக்கும், பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து சதவீதம். பேரிங்குக்கு மசகு அதே எரிபொருளிலிருந்துதான் போகிறது, அதனால் கண் அளவில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். கேனுக்கும் டேங்குக்கும் நடுவில் ஃபில்டர் ஒன்று, விமானத்துக்குள் ஒன்று. பழைய கேனில் அடியில் நிற்கிற தண்ணீர் ஒரு சொட்டு போதும் என்ஜினை நடுவானில் அணைக்க.

அடுத்தது சி.ஜி. டேங்க் காலியாக, ஏர் டிராப் மட்டும் நிரம்பியபடி, பேட்டரி எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்க, சிறகு கையேட்டில் சொன்ன புள்ளியில் தாங்கி நிற்க வேண்டும். சக்கரம் வெளியே இருக்கும்போது ஒருமுறை, உள்ளே இருக்கும்போது ஒருமுறை பாருங்கள், மூக்குச் சக்கரம் பின்னோக்கி மடங்குகிற விமானமென்றால் உள்ளே போகும்போது எடையும் கொஞ்சம் பின்னால் நகரும். முதல் பறப்புக்கு நான் எப்போதும் சொன்ன புள்ளியைவிட நாலைந்து மில்லிமீட்டர் முன்னால் வைப்பேன். விமானம் கொஞ்சம் மந்தமாக இருக்கும், இறங்கும்போது எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குகிற வால் தகடு) கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பின்னால் போனால் கதையே வேறு, தரையை விட்ட அடுத்த நொடியில் மூக்கு தானாக எழும், உங்கள் கை அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். பின்பக்கம் எடை கூடியிருந்தால் மூக்கில் ஈயம் வைக்கத் தயங்காதீர்கள், இருநூறு கிராம் ஈயத்தால் பன்னிரண்டு கிலோ ஜெட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

கைரோ வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இந்தக் காலத்தில் பெரும்பாலும் விமானத்தில் சிக்னல் வாங்குகிற ரிசீவருக்குள்ளேயே வந்துவிடுகிறது. இருந்தால், அதன் திசையைக் கையால் பார்த்தே ஆக வேண்டும். கைரோவை ஆன் செய்து, டிரான்ஸ்மிட்டர் குச்சியைத் தொடாமல், விமானத்தின் மூக்கை வேகமாகக் கீழே சாய்த்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே எழ வேண்டும். வலது சிறகை மேலே தூக்கினால் வலது எய்லரான் (சிறகின் பின்விளிம்பில் அசைகிற தகடு) மேலே வர வேண்டும். மூக்கை இடப்பக்கம் தள்ளினால் ரட்டர் (வாலில் செங்குத்தாக நிற்கிற தகடு) வலப்பக்கம் போக வேண்டும். ஒன்று தலைகீழாக இருந்தாலும் கைரோ உங்களுக்கு எதிராக வேலை செய்யும், பறந்த பிறகு கண்டுபிடித்துச் சரிசெய்ய நேரம் இருக்காது. திசை சரியாக இருந்தாலும் முதல் டேக்ஆஃபில் கைரோவை அணைத்து வைத்துவிடுங்கள், அணைக்கிற ஸ்விட்ச் விரலுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். விமானம் தானாக எப்படிப் பறக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும், ட்ரிம் போட வேண்டும் (குச்சியைத் தொடாமலே நேராகப் பறக்கிற மாதிரி திருத்துவது), பிறகு உயரத்தில் கொஞ்சமாக ஆன் செய்து பார்க்கலாம்.

எலிவேட்டரின் பின்விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், சர்வோ ஆன் இருக்கும்போது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் எங்கே என்று தேடுங்கள்: சர்வோ கியரா, தகட்டில் கம்பி மாட்டுகிற ஹார்னில் துளை பெரிதாகிவிட்டதா, கம்பி முனையில் உள்ள பால் லிங்கா. மின்சார நுரை விமானத்தில் அந்த ஆட்டம் பொருட்டில்லை. ஜெட் மணிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் போகிறது, அந்த வேகத்தில் ஆட்டம் அதிர்வாக மாறி, இரண்டு நொடியில் வாலையே பிய்த்துவிடும். பறக்கும்போது எப்போதாவது தேனீ கூட்டம் மாதிரி ஒரு 'ர்ர்ர்' சத்தம் கேட்டால் அந்த நொடியே த்ராட்டிலைக் குறைத்து மூக்கை மெல்ல மேலே தூக்குங்கள், வேகம் குறையட்டும், பிறகு இறக்கிவிடுங்கள். இன்னொரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். உலோகத்துக்குள் போகிற ஸ்க்ரூ எல்லாவற்றிலும் லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கிற பசை) ஒரு துளி. நான் சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன், அதிர்கிற இயந்திரத்தில் வெறும் ஸ்க்ரூ எத்தனை நாள் நிற்கும் என்று தினமும் பார்த்திருக்கிறேன்.

ரேடியோவுக்கு வருகிறேன். ரிசீவர் பேட்டரி இரண்டு, தனித்தனி ஸ்விட்ச், இசியு பேட்டரி வேறு. வோல்டேஜை சும்மா நிற்கும்போது பார்த்துப் பயனில்லை, எல்லா சர்வோவையும் ஒரே நேரத்தில் ஆட்டி, சக்கரத்தையும் மடக்கி, அப்போது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஆன்டெனா இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பன் ஃபைபரிலிருந்தும் எரிபொருள் டேங்கிலிருந்தும் விலகி. ரேஞ்ச் சோதனை என்ஜின் அணைந்திருக்கும்போது ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை. ஃபெயில்சேஃபுக்கு (ரேடியோ சிக்னல் போனால் விமானம் தானாகச் செய்ய வேண்டியது) டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் என்ஜின் அணைய வேண்டும், ஐடிலுக்கு மட்டும் வந்தால் போதாது. முதலில் என்ஜின் ஓடாமல், இசியு திரையில் பாருங்கள். பிறகு ஐடிலில் ஓடும்போது, ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, உண்மையிலேயே அணைத்துப் பாருங்கள்.

சக்கரங்களை இருபது முறையாவது மேலே கீழே ஓட்டுங்கள், கடைசி ஐந்து முறை விமானத்தைச் சாய்த்துப் பிடித்தபடி, ஏனென்றால் வானத்தில் அது எப்போதும் நேராக நிற்பதில்லை. காற்றழுத்தத்தில் வேலை செய்கிற சக்கரமென்றால் இரவு நிரப்பி வைத்து, காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வழவழப்பான தரையில் நடக்கிற வேகத்தில் தள்ளிவிட்டால் பத்து மீட்டராவது கோணாமல் போக வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இருப்பது லெனேசியா. நான் இருப்பது கடலோரம். நானும் என் நண்பர்களும் சொல்கிற அளவுகள், வேகங்கள், ரன்வே நீளங்கள் எல்லாம் டர்பன் காற்றுக்கு. ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து 1,694 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உங்கள் பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். முப்பது டிகிரி வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்துக்கென்று புத்தகத்தில் போடுகிற அளவில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் கூட. டர்பைன் உறிஞ்சுவது காற்றைத்தான், காற்று இளைத்தால் உந்துவிசையும் இளைக்கும். பெட்டியில் பத்துக் கிலோ என்று போட்டிருக்கிற உங்கள் என்ஜின் அந்த வெயிலில் எட்டுக் கிலோ தந்தாலே அதிகம். சிறகுக்கும் அதே கதை, அதே எடையைத் தூக்க அது இன்னும் வேகமாக ஓட வேண்டும். இரண்டும் சேர்ந்தால், இங்கே அதே வெயிலில் நூறு மீட்டரில் எழும்புகிற விமானம் உங்களிடம் நூற்றைம்பது மீட்டர் கேட்கும். காலை ஏழு மணிக்கு, பதினைந்து டிகிரியில் போனால் காற்று ஐந்து சதவீதம் அடர்த்தி கூடி இருக்கும், அந்த ஐந்தை விட்டுவிடாதீர்கள். கோடையில் பிற்பகல் மூன்று நாலு மணிக்கு இடியும் மழையும் வருகிற ஊர் உங்களுடையது, அதற்கும் காலைதான் நல்லது.

ஆகவே உங்கள் கிளப் ரன்வேயை நீங்களே ஒருமுறை அடியெடுத்து அளந்து பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு முடிகிற இடத்தில் ஓரமாக ஒரு சிவப்புக் கூம்பு வையுங்கள். அங்கே வரும்போது விமானம் எழும்பவில்லை என்றால் த்ராட்டிலை வெட்டிவிட வேண்டும், பக்கத்தில் நிற்கிற ஆள் "வெட்டு" என்று கத்த வேண்டும். டர்பைன் வெட்டிய உடனே நிற்காது, ஓரிரு நொடி தள்ளிக்கொண்டுதான் இருக்கும், அதையும் கணக்கில் வைத்துத்தான் கூம்பின் இடம். நிற்கிற நிலையில் மூக்கு தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தாழ்ந்திருந்தால் சிறகு காற்றைக் கீழ்நோக்கி வாங்கி விமானத்தைத் தரையோடு அழுத்தும், நீளமாக ஓடும், நீங்கள் எலிவேட்டரை இழுத்துக்கொண்டே போவீர்கள், திடீரென்று விடுபட்டு மேலே குதிக்கும். இங்கே கடலோரத்தில் அது ஓர் எரிச்சல், அவ்வளவுதான். உங்கள் உயரத்தில் அந்தக் குதிப்பிலேயே வேகம் போய்ச் சிறகு சாய்ந்துவிடும். மூக்குச் சக்கரத்தின் கம்பியைச் சற்று உயர்த்தி, சிறகு சமமாகவோ ஒரு டிகிரி மேல் நோக்கியோ நிற்கிற மாதிரி வையுங்கள்.

இதைவிட ஆபத்தான ஒன்று இறங்கும்போது இருக்கிறது. காற்று இளைத்த இடத்தில் விமானம் தரையைப் பொறுத்துப் பத்து சதவீதத்துக்கு மேல் வேகமாக ஓடினால்தான் சிறகுக்கு அதே பிடிமானம் கிடைக்கும். ஆனால் நம் கண் பார்ப்பது தரை வேகத்தை மட்டும்தான். கடலோரத்தில் பழகியவர் உங்கள் ஊருக்கு வந்து இறக்கும்போது "ஐயோ, ரொம்ப வேகமாக வருதே" என்று தோன்றும், கை தானாக மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கும், விமானம் ரன்வேயின் தலைப்பிலேயே ஒரு சிறகில் சரியும். நீங்கள் அந்த ஊரிலேயே பழகியவர் என்பது ஒரு நல்லது, ஆனால் நுரை விமானத்தின் இலகுவான சிறகில்தான் பழகியிருக்கிறீர்கள். அதனால் கண்ணை நம்பாமல் விமானத்தின் நிலையைப் பாருங்கள், மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

தீ பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை புல் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். விழுந்த ஜெட்டில் இரண்டு லிட்டர் பாரஃபினும் சிவந்த வால் குழாயும் இருக்கின்றன, காற்று அடித்தால் பக்கத்துப் பண்ணை வரைக்கும் போய்விடும். தீ அபாய எச்சரிக்கை இருக்கிற நாளில் டர்பைனைக் காரிலிருந்தே எடுக்கக்கூடாது. என்ஜினுக்கு கார்பன் டைஆக்சைடு அணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள், பவுடர் அடித்தால் தீ அணையும், டர்பைனும் அதோடு போய்விடும். புல்லில் பற்றினால் அது போதாது, முதுகில் மாட்டுகிற தண்ணீர்த் தெளிப்பானும் தீ அடிக்கிற தட்டியும் இரண்டு ஆளும் வேண்டும், பறக்கிற நேரத்தில் அவர்கள் வேறெங்கும் போகக்கூடாது. எங்கள் பக்கம் வேறு கவலை, அறுவடைக் காலத்தில் கரும்பு கொளுத்தினால் கருஞ்சாம்பல் ரன்வே முழுவதும் மிதந்து வரும், அன்று நான் இன்லெட் (என்ஜினுக்குக் காற்று போகிற வாய்) மூடியைக் கழற்றுவதே இல்லை.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புது வண்டி எடுத்தால் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டுகிற ஆட்கள் நாம். ஜெட்டுக்கும் என் மனைவி காட்டாமல் விடமாட்டாள், எனக்கும் அது வேண்டும். வீட்டிலேயே, எரிபொருள் ஊற்றுவதற்கு முன்பு, இன்லெட்டையும் வால் குழாயையும் மூடிவைத்துச் செய்யுங்கள். விபூதித் தூள்கூட அந்த இன்லெட்டுக்குள் போகக்கூடாது. மைதானத்தில் நெருப்பு வேண்டாம்.

பறக்கிற நாளைப் பற்றி. தென்னாப்பிரிக்க மாடல் விமானச் சங்கத்தில் உறுப்பினராகி, உங்கள் கிளப்பில் டர்பைன் ஓட்ட என்ன அனுமதி வேண்டுமோ அதை முன்பே வாங்கிவிடுங்கள், அன்று காலையில் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் பக்கம் பெரிய விமானங்கள் இறங்கும் வழிகளும் உண்டு, எந்த உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்று கிளப்பில் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வருகிறவர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் பறப்புக்கு அண்ணன் தம்பி மச்சான் எல்லாரையும் கூப்பிட்டு, பன்னி சௌ (ரொட்டிக்குள் வைத்த கறி) வாங்கி வைத்து, திருவிழா மாதிரி ஆக்கிவிட்டால் "இன்று வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. ஓர் அனுபவசாலி பக்கத்தில் நிற்கட்டும், டர்பைன் ஓட்டத் தெரிந்தவர். முடிந்தால் முதல் டேக்ஆஃபை அவரே செய்யட்டும், ட்ரிம் போட்டுவிட்டு உயரத்தில் உங்கள் கையில் தரட்டும். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை, என் முதல் டர்பைனை நான் அப்படித்தான் பறக்கவிட்டேன்.

என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது, டர்பைன் சக்கரம் சுற்றுகிற தளம் அது. பின்னால் நிற்கக்கூடாது என்று சொல்லவே வேண்டாம். முன்னால் நிற்பவர் தொப்பி, கழுத்தில் தொங்குகிற அட்டை, எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், இன்லெட் எதையும் உறிஞ்சும். ஸ்டார்ட்டுக்கு முன்னால் விமானத்தை மூக்கு கீழாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குங்கள், உள்ளே ஏதாவது உருளுகிற சத்தம் கேட்கிறதா என்று. ஒருமுறை என் நண்பருடைய விமானத்திலிருந்து எம்3 நட்டு ஒன்று உருண்டு வந்து விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

காற்றுக்கு எதிராக, ரன்வேயின் நடுக்கோட்டில் நிறுத்துங்கள். ஃப்ளாப்பை (சிறகின் பின்விளிம்பில் கீழே இறங்குகிற தகடு) டேக்ஆஃப் அளவுக்கு இறக்குங்கள். த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளாமல் மூன்று நொடி எடுத்து ஏற்றுங்கள். ரட்டரைச் சின்னச் சின்னதாகத் தட்டி நேராக வையுங்கள். வேகம் வரும்வரை எலிவேட்டரைத் தொடாதீர்கள், வந்ததும் மெல்லக் கொஞ்சம், விமானமே எழும்பும். எழும்பிய பிறகும் மூக்கைத் தூக்கி வீரம் காட்ட வேண்டாம், தாழ்வாக ஏறட்டும், வேகம் சேரட்டும், அப்புறம் அகலமான திருப்பம். சக்கரத்தை உடனே மடக்காதீர்கள். நூறு மீட்டர் உயரத்தில் பாதி த்ராட்டிலில் ட்ரிம் போட்ட பிறகு மடக்கினால் போதும். முதல் பறப்பில் மடக்காமலே இறக்குகிறவர்களும் உண்டு, நான் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன், மடக்காத சக்கரம் மாட்டிக்கொள்ளாது. ஆனால் வெளியே இருக்கும்போது வேகத்தை அடக்கி வையுங்கள், கதவு பிய்ந்துவிடும்.

இரண்டாவது நிமிடத்திலேயே, உயரத்தில் இருக்கும்போதே, இறங்குகிற நிலைக்குக் கொண்டுவாருங்கள்: சக்கரம் கீழே, முழு ஃப்ளாப், த்ராட்டில் குறைத்து, விமானம் எந்த வேகத்தில் தளர்கிறது என்று பாருங்கள். மூக்கு நேராக விழுகிறதா, சிறகு சாய்கிறதா? ஃப்ளாப் இறக்கியதும் மூக்கு மேலே எழுகிறதா, அதைச் சரிக்கட்ட எவ்வளவு எலிவேட்டர் மிக்ஸ் (ஃப்ளாப்போடு எலிவேட்டரும் தானாக அசைகிற அமைப்பு) வேண்டும்? இதை உயரத்தில் இரண்டு முறை பார்த்தவருக்கு இறக்கும்போது புதிதாக ஒன்றும் நடக்காது. இதுதான் முதல் பறப்பின் வேலையே. லூப், ரோல், தாழ்வான வேகப் பாஸ் எல்லாம் மூன்றாவது நாலாவது பறப்புக்கு.

இறக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் மின்சார ஜெட்டில் குச்சியைத் தள்ளிய அந்த நொடியே சக்தி வரும். டர்பைனில் ஐடிலிலிருந்து முழுசாக ஏற மூன்று நாலு நொடி ஆகும், அதற்குள் விமானம் தரையில் இருக்கும். அதனால் கடைசித் திருப்பத்திலிருந்து ரன்வேயின் தலைப்பு வரைக்கும் த்ராட்டிலை ஐடிலுக்கு விடாமல் அதற்குச் சற்று மேலேயே வைத்திருங்கள். சரியாக வரவில்லை என்றால், தலைப்புக்கு வருவதற்கு முன்பே, இன்னும் முப்பது நாற்பது மீட்டர் இருக்கும்போதே முடிவெடுத்து ஏறிவிடுங்கள். டைமர் ஐந்து நிமிடம் வைக்கச் சொன்னதே இதற்காக, இரண்டு மூன்று முறை திரும்ப வர எரிபொருள் இருக்கும்.

இறங்கி நின்றதும் என்ஜினை அணைத்துவிட்டு, இசியு தானாகக் குளிர வைக்கும்வரை பேட்டரியைக் கழற்றாதீர்கள். சந்தோஷத்தில் பலர் உடனே ஸ்விட்சை அணைத்துவிடுகிறார்கள், உள்ளே தங்குகிற சூடு பேரிங்கைக் கெடுக்கும். பிறகு மிச்ச எரிபொருளை அளந்து வெளியே எடுங்கள், குடித்த அளவை எழுதிவையுங்கள். மூடிகளைத் திறந்து குழாய், கம்பி, ஸ்க்ரூ, சக்கரக் கதவு எல்லாவற்றையும் மறுபடி கையால் தொட்டுப் பாருங்கள். என் கணக்கில் அன்றைக்கு இரண்டாவது பறப்பு கிடையாது. ட்ரிம் எங்கே போய் நின்றது என்று பார்த்து, வீட்டில் லிங்கைத் திருகி, ட்ரிமை நடுவுக்குக் கொண்டுவந்து, அடுத்த வாரம்.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள் தம்பி. விமானம் முழுசாக வேண்டாம். மேல் மூடியைப் பாதி திறந்து பிடித்து, வென்ட் குழாய் டேங்கிலிருந்து கிளம்பி மூடியின் விளிம்புக்குக் கீழே எப்படி வளைந்து போகிறது என்று தெரிகிற மாதிரி ஒன்று எடுத்தால் போதும்.